நாற்பத்தொன்றாம் நாற்காலி

பெல்லந்தூரில், மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
நான் எழுதிய கார்டு அது.
திரையில் உள்ளங்கையளவு கட்டம்:
நாற்காலி எண், பெயர், ஊசி ஏற்றிய நேரம்,
டயாலிசிஸ் முடிய இன்னும் எத்தனை நிமிடம்.
எண்ணை மட்டும் கொடுத்தால் போதும்,
மற்றதைத் தானே சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.
எங்கே வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்று
டெமோவில் சொன்னேன்.
கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

நர்ஸின் கைப்பேசியில் ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு கார்டு.
ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை.

பிறகு ராஜாஜிநகரில் புதுக் கிளை.
அறுபத்து நான்கு நாற்காலி, சுவரில் பெரிய டிவி.
யாரோ என் கார்டை எடுத்து
எட்டுக்கு எட்டாக அடுக்கிவிட்டார்கள்.
குற்றம் சொல்ல முடியாது,
அடுக்கத்தானே எழுதினேன்.

காலை ஷிப்ட், ஆறு மணி.
அறுபத்து நான்கும் ஒரே மூச்சில் வாய் திறந்தன.
பத்து நொடி கழித்து மறுபடி திறந்தன.
பதில் கிடைக்காதவை விடாமல் கேட்டன
(அந்தப் பிடிவாதமும் நான் கற்றுக்கொடுத்ததுதான்).
ஆறே காலுக்கு டிவி முழுக்க
வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.
ஷைலஜா என்ற நர்ஸ்
மருந்துப் பெட்டியின் மூடியைக் கிழித்து
மார்க்கரால் பெயரும் நேரமும் எழுதி
ஒவ்வொரு நாற்காலியிலும் செருகிக்கொண்டே போனாராம்.
படம் அனுப்பியிருந்தார்கள்.
அந்த அட்டைகள்
யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கு என் குடியிருப்பில் தண்ணீரும் இல்லை.
பன்னிரண்டு வீடும் தனித்தனியே
டேங்கர் மஞ்சப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.
நான் மட்டும் மூன்று தரம்.
அவர் போனையே அணைத்துவிட்டார்.
மீட்டிங்கில் இதைச் சொல்லவில்லை,
தப்பை மறைக்க உவமை தேடுகிறாள் என்பார்கள்.

லிப்ஸா சொன்னாள்: கேட்கும் வேலையைக் கார்டிலிருந்து பிடுங்கு.
பக்கம் ஒரு தரம் கேட்கட்டும், பிரித்துக் கொடுக்கட்டும்.
ஹெக்டே சொன்னார்: பக்கத்துக்கும் கார்டுக்கும் நடுவே
ஐந்து அடுக்கு இருக்கிறது.
தனக்கு வேண்டாத மூட்டையை
ஐந்து பேரும் தலைமாற்றிச் சுமக்க வேண்டுமா?
இருவர் சொன்னதும் சரியாகவே இருந்தது.
மெஷின் காபி இரண்டு தரம் ஆறியது.

கடைசியில் வெட்டினேன். பதினொரு வரி.
கார்டுக்கு இப்போது
சர்வர் என்று ஒன்று இருப்பதே தெரியாது.
கொடுத்தால் காட்டும்.
பொத்தானைத் தொட்டால்
'என்னை யாரோ அழுத்தினார்கள்' என்று மேலே சொல்லும்,
யார் ஓடி வருகிறார்கள் என்பது அதன் கவலை இல்லை.
கைப்பேசிக்கு மட்டும் அதைச் சுற்றி
கேட்கத் தெரிந்த ஒரு மெல்லிய உறை.
அந்த மூட்டை இன்னும் இரண்டு அடுக்கு வழியாகப் போகிறது.
ஹெக்டே ஒன்றும் சொல்லாமல் ஒப்புதல் போட்டார்.

வியாழக்கிழமை மெட்ரோ பிடித்து நேரில் பார்க்கப் போனேன்.
டிவி அமைதியாக இருந்தது.
நாற்பத்தொன்றில் மட்டும் 'காலி'.

காலி என்றால்,
இன்னும் கேட்கவே இல்லையா,
கேட்டும் பதில் வரவில்லையா,
பதில் வந்து, அதில் ஆள் இல்லையா?
மூன்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் கொடுத்திருக்கிறேன்.
கார்டைக் கேட்டுப் பயனில்லை,
அதன் வாயை நான்தான் அடைத்தேன்.

நாற்காலியின் கைப்பிடியில்
அந்த அட்டைத் துண்டு இன்னும் செருகியிருந்தது.
கன்னட எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும்.
நிங்கம்மா. ஆறு ஐந்து.

ஷைலஜா அடுத்த வரிசையில்
ஒரு குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.
"நாற்பத்தொன்று?" என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றினார்,
ஒரு விரல்,
பிறகு அடுத்த விரல்.